எல்லை கடந்த குற்றங்களுக்கு என் அத்தான் சொன்ன ஆலோசனை

என் அக்காள் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு இரண்டாவது வார்த்தையிலேயே மூச்சு வாங்கிவிடும். மற்றதை எழுதச் சொல்லுங்கள், தாள் போதாது.

உள்துறைக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எல்லை கடந்த குற்றத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. இங்கே குற்றம் செய்துவிட்டு அடுத்த நாட்டில் போய்ப் பதுங்குகிறவர்களைப் பிடித்துத் தரும்படி அந்த நாட்டுக்காரர்களுக்கு எழுதுவதுதான் அதன் வேலை. அதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு ஆலோசகர் என் அத்தான். மாடி முழுக்க அவருக்கு 'ஒத்துழைப்பு' என்றே பெயர். "ஒத்துழைப்பு சீட்ல இருக்கா, இல்ல பிளைட்ல இருக்கா?" என்று லிஃப்டில் கேட்பார்கள்.

அவர் ஒரு திருடனைத் துரத்தியதில்லை. வரைவு எழுத்தராகச் சேர்ந்தவர், எப்போதோ ஒரு பெரிய அதிகாரிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தார். அதில் 'கூட்டுப் பொறுப்பு' என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது. அதிகாரிக்குக் கைதட்டல் கிடைத்தது, அத்தானுக்கு நாற்காலி கிடைத்தது. பிறகு மாநாடு, மாநாட்டுக்கு ஆயத்த மாநாடு என்று இருபது வருடம் ஓடிற்று. ஒவ்வொரு மாநாட்டிலும் கழுத்தில் மாட்டிய அட்டையைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் தொங்கவிடுவார். அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று அவர் வெளியூரில் 'பரஸ்பர உதவி' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அட்டையும் சுவரில் இருக்கிறது.

நான் அதே பிரிவில் மொழிபெயர்ப்பாளர். அடுத்த நாட்டு மொழியை விமான டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது கற்றேன். இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அத்தான்தான். அதை அநேகமாக மாதம் ஒரு தடவை சொல்லிக் காட்டுவார். அவர் சொல்லாத மாதங்களில் எனக்கே அது ஞாபகம் வந்துவிடும். என் வாய் அதனால்தான் அவ்வளவு காலம் மூடிக் கிடந்தது. அவரைத் திட்டும்போது என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஒரு ஏஜென்ட் மாட்டினான். ஹோட்டல் வேலை என்று சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எல்லை தாண்டி அனுப்பியவன். போன இடத்தில் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஒரு கட்டடத்தில் பூட்டி, நாள் முழுக்கப் போனில் யாரையாவது ஏமாற்றச் சொன்னார்கள். எந்தக் கட்டடம், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த ஏஜென்ட். நாங்கள் அவசரமாகப் போனில் கேட்டுக்கொண்டதற்காக அடுத்த நாட்டுப் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவனைப் பிடித்து வைத்தார். அந்த நாட்டுச் சட்டப்படி அறுபது நாளுக்குள் நம் முழுக் கோரிக்கையும் கையெழுத்தோடு போய்ச் சேர வேண்டும். அது வரும்வரை அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. வராவிட்டால் கதவைத் திறந்து விட்டுவிட வேண்டியதுதான்.

பத்தாவது நாளே நூற்று நாற்பது பக்கத்தையும் மொழிபெயர்த்து அத்தான் மேஜையில் வைத்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"அத்தான், நாள் கணக்கு இருக்கு."

"இருக்கட்டும். எழுபத்தஞ்சாவது நாள் கூட்டு மாநாடு வருது. மேடையில வச்சு அவங்க கையில நேரா குடுக்கப்போறேன். அதுக்குப் பேருதான் ஒத்துழைப்பு."

"அறுபதாவது நாள் அவனை விட்டுருவாங்களே?"

"நான் ஒரு வார்த்தை சொன்னா நீட்டிப்பாங்க. உனக்கு மொழி தெரியும், ராஜதந்திரம் தெரியாது."

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற ராஜதந்திரம்! எனக்குத் தெரியாததுதான்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு தையல்காரர் வந்து வராந்தா பெஞ்சில் உட்காருவார். அவர் மகள் அந்த நாற்பது பேரில் ஒருத்தி. பத்தொன்பது வயது. அவர் எதுவும் கேட்கமாட்டார், அத்தான் கதவு திறக்கும்போது எழுந்து நிற்பார், அவ்வளவுதான். ஒரு நாள் அத்தான் நின்று, "உங்களுக்கு என்ன தொழில்?" என்று விசாரித்தார். எனக்கு ஆச்சரியம், மனிதருக்கு மனசு வந்துவிட்டதோ என்று. தையல் என்றதும் அத்தான் உள்ளே போய்த் தன் கோட்டை எடுத்துவந்தார்.

"தோள்பட்டை தொங்குது பாருங்க. மாநாட்டுக்குப் போடணும். கொஞ்சம் பிடிச்சுக் குடுத்துடுங்க."

தையல்காரர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அந்த வராந்தாவிலேயே அவருடைய தோளை அளந்தார். "கையைக் கொஞ்சம் இறக்குங்க ஐயா," என்றார் பணிவாக. கோட்டைச் சரியாகத் தைத்துக் கொடுத்தால் மகள் சீக்கிரம் வருவாள் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது. நான் ஃபைலைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் கோட்டு வந்தது. அருமையாகத்தான் தைத்திருந்தார்.

ஐம்பத்தோராவது நாள் காலை, திரை வழியாக இரு நாட்டுக் கூட்டம். அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரும் ஓர் எழுத்தரும். இந்தப் பக்கம் புதுத் தோள்பட்டையோடு அத்தான், பக்கத்தில் நான். இன்ஸ்பெக்டர் நேராகக் கேட்டார்:

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. பேப்பர் எங்கே? நீட்டிப்புங்கிற பேச்சே எங்க சட்டத்துல கிடையாது."

நான் அதை அப்படியே சொன்னேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குற்றத்துக்கு எல்லை இல்லை என்றார். ஆகவே நட்புக்கும் எல்லை கூடாது என்றார். இரு நாடும் இரு கண் என்றார். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தட்டியே காட்டினார். எழுபத்தைந்தாவது நாள் மேடையில் கோப்பைக் கைமாற்றும்போது வரலாறு நம்மைப் பார்க்கும் என்று முடித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். திரையில் இன்ஸ்பெக்டர் பேனாவோடு காத்திருந்தார். இத்தனை நீளப் பேச்சில் எப்படியும் ஒரு தேதி இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

"சொல்லு," என்றார் அத்தான் என்னிடம்.

வேலை போனால் போகட்டும் என்று துணிந்ததாகச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில் அப்படி எதுவும் நினைக்கவில்லை. இருபது வருடமாகச் சேர்ந்த கசப்பு வாய்க்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர்கள் மொழியில் சொன்னேன்:

"இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புறார். எந்த முகவரிக்கு?"

இன்ஸ்பெக்டர் என்னை உற்றுப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடத்துக்கு இவ்வளவுதானா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகவரியைச் சொல்லிவிட்டு, அத்தானைப் பார்த்து நன்றி என்று தலையசைத்தார். அத்தானும் பூரித்துப்போய்த் தலையசைத்தார்.

"என்ன சொல்றாங்க?"

"உங்க பேச்சு அவங்களை அசத்திருச்சாம் அத்தான். இன்னிக்குக் கோரிக்கை வந்தா, உங்க பேரையும் பேச்சையும் முகப்புல வச்சு மேலிடத்துக்கு அனுப்புவாங்களாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"அப்படியேதான்."

முகஸ்துதிக்கு மயங்காத கல் உண்டு, என் அத்தான் கல் இல்லை. சாவியை எடுத்தார், இழுப்பறையைத் திறந்தார், நூற்று நாற்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே ஆள் வழியாகக் கோப்பு எல்லை தாண்டியது.

ஐம்பத்தாறாவது நாள் ஏஜென்ட் வாயைத் திறந்தான். மறுநாள் கட்டடத்தை வளைத்தார்கள். உள்ளே பத்தொன்பது பேர் இருந்தார்கள். தையல்காரரின் மகளும் இருந்தாள். மற்ற இருபத்திரண்டு பேரை ஒன்பது நாளைக்கு முன்னால்தான் வேனில் ஏற்றி வேறெங்கோ கொண்டு போயிருந்தார்கள். எங்கே என்று ஏஜென்டுக்கும் தெரியவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் என்றால் நாற்பத்தெட்டாவது நாள். அன்றைக்கு அந்தக் கோப்பு என் அத்தானின் இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு வந்த நான் என் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

விமான நிலையத்தில் அத்தான் முன்வரிசையில் நின்றார். அந்தப் பெண் வெளியே வந்ததும் தகப்பனிடம் ஓடினாள். தையல்காரர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அத்தானைக் கும்பிடப் பார்த்தார். அத்தான் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பன்னிரண்டு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை சொன்ன?"

"ஏழெட்டு இருக்கும்."

"எனக்கு அதுவே அதிகம்டி. உங்க அத்தான் ஒரு மணி நேரம் பேசினதைப் பிள்ளைங்களுக்கு நான் 'சரின்னுட்டார், போங்க'ன்னு முடிச்சிருவேன். இல்லேன்னா அதுங்க காலேஜ் சேர்ந்திருக்குமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு பேர் என்றேன். அவளும் மடிப்பதை நிறுத்தினாள்.

அத்தானுக்குப் பணி நீட்டிப்பு கிடைத்தது. அந்த மாநாட்டு அட்டையும் சுவரில் ஏறியது. அடுத்த மாநாட்டுக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். "ஏணியில ஏறச் சொன்னா கிணத்துல இறங்குறியே," என்றார்.

இங்கே மாடியும் இல்லை, லிஃப்டும் இல்லை. தரைத்தளத்தில் மூன்று மேஜை, இரண்டு போன். வாரம் ஒரு முறை அந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுகிறேன். இருவருமே சுருக்கமாகத்தான் பேசுவோம். இருபத்திரண்டு பேரில் இதுவரை ஆறு பேர் இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது.