பெருசு போயிருச்சு

நடப்பதற்குச் சீட்டு எடுத்துக்கொண்டு போகிற ஆள் இல்லை நான். தொழிற்பேட்டைப் பேருந்தைத் தவறவிட்டு நடப்பது, ஓசூர் மேம்பாலத்தடியில் லாரிகள் சிக்கிக்கொண்டால் இறங்கி நடப்பது என்று வருஷக்கணக்காக நடந்தவள். அதனால், ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டிப் பெண்ணின் பின்னால், அவள் பேசுவது கேட்பதற்கான கருவி ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போதே எனக்கு எரிச்சல்தான்.

இழுத்துக்கொண்டு போனவர் எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் அண்ணன். புதிதாக வாங்கப்போகும் இயந்திரத்தைக் கப்பல் ஏற்றுவதற்கு முன் பார்த்து ஒப்புதல் சொல்ல எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார்கள். அவர் சத்தம், அதிர்வு, எண்ணெய்க் கசிவு பார்ப்பார். நான் தரப் பிரிவு, அது வெட்டித் தரும் பாகங்களை அளந்து பார்ப்பேன். அவருக்கு ஊர் நாகரசம்பட்டி. மாந்தோப்புக்காரர். எங்கே போனாலும் உண்டு களித்து, படம் எடுத்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவர்.

"ரூம்ல குந்திகிட்டு போனயே பாத்துகிட்டு இருந்தா மட்டும் ஆனை திரும்பிப் போயிருமா மேடம்? வாங்க, நாலு கால்வாயப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

ஆனைதான் என் பிரச்சினை. அம்மா போன பிறகு அப்பா சானமாவுக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். நான் ஓசூரில் கணவர் வீட்டில். அது ராகி கதிர் முற்றும் மாதம். கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கி வந்த கூட்டத்திலிருந்து ஒற்றைக் கொம்பன் ஒன்று பிரிந்து, நெடுஞ்சாலையைத் தாண்டி எங்கள் ஏரிக்குப் பின்னால் தைலமரத் தோப்பில் நிற்பதாகவும், யாரும் வயலுக்குப் போக வேண்டாம் என்றும் அன்று காலையிலேயே ஊர் வாட்ஸப் குழுவில் செய்தி. ஏரிக்குப் பின்னால் முதல் வயலே எங்களுடையது.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். பொழுது சாய்வதற்குள் சித்தப்பா வீட்டுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும், வயலில் காவலுக்குக் கட்டிய பரண் பக்கம் தலைவைக்கவே கூடாது என்று சத்தியம் கேட்டேன்.

"சரி பாப்பா."

எங்கப்பா 'சரி பாப்பா' என்றால் மாட்டேன் என்று பொருள். மாட்டேன் என்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மாற்றியிருக்கலாம். சரி என்று சொன்ன மனுஷனிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? பிடித்த பிடி விடாத ஆள். அதனால்தானோ என்னவோ சின்ன வயதிலேயே அவருக்கு நான் 'பெருசு' என்று பெயர் வைத்துவிட்டேன். பெருசு சாப்ட்டுச்சா, பெருசு மாத்திரை போட்டுச்சா என்று முதுகுக்குப் பின்னால் நான் கேட்கப்போய், சித்தப்பா வீடு மொத்தமும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டது. என் கைபேசியிலும் அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

வழிகாட்டிப் பெண் ஒல்லியான வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் கொக்கி. படிக்கட்டு குறுகல் என்பதால் கட்டில், பீரோ எல்லாவற்றையும் கயிறு கட்டி வெளியிலிருந்தே ஜன்னல் வழியாக ஏற்றுவார்களாம். ஏற்றும்போது சுவரில் இடிக்கக் கூடாது என்று வீட்டையே முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்களாம். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாரம் தூக்கற செயின் பிளாக் மாட்டறதுக்கு வீட்டுக்கு வீடு பீம் விட்டிருக்கறான் பாருங்க மேடம். நம்ம ஷெட்டுல ஒண்ணு வைக்கச் சொல்லி எத்தன தடவ கேட்டுட்டன்!"

நான் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எல்லையோரம் என்பதால் எந்தச் செல்போன் கோபுரம் பிடிக்கிறதோ அந்த பாஷையில் பதில் வரும். அன்று ஒரு பெண் கன்னடத்தில், நீங்கள் அழைத்தவரின் போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று இனிமையாகச் சொன்னாள்.

அப்பா போனை அணைப்பது ஒரே ஒரு இடத்தில்தான். ஒருமுறை பரணில் உட்கார்ந்திருந்தபோது போனில் முருகன் பாட்டு முழுச் சத்தத்தில் அடித்து, கீழே தன்பாட்டில் போய்க்கொண்டிருந்த ஆனை திரும்பி வந்து அண்ணாந்து பார்த்ததாம். அதிலிருந்து வயல் வரப்பில் கால் வைத்ததுமே போனை அணைத்துவிடுவார். ஆகவே அவர் வரப்பில் கால் வைத்துவிட்டார்.

தம்பியை, அதாவது சித்தப்பா மகனை, கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'பெருசு எங்கடா? உடனே பாத்துச் சொல்லு' என்று செய்தி போட்டேன். போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது.

அதற்குள் அண்ணன் ஒரு பாலத்தின் மேல் வழிகாட்டியை மடக்கியிருந்தார். இந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்பது அவர் கேள்வி. வயலுக்கெல்லாம் போகாது, படகில் சரக்கு கொண்டுவர வெட்டியது என்றாள் அவள். "ஒரு ஏக்கருக்குக்கூட மடை கிடையாதா?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "இவ்ளோ தண்ணி சும்மாவா நிக்குது? அப்பறம் என்னாத்துக்கு இதுக்குக் கால்வாய்னு பேரு?" உண்மையாகவே மனம் நொந்துபோனார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனாள். ஊர் முழுக்க மரத் தூண்கள் மேல் நிற்கிறது, தண்ணீர் மட்டம் இறங்கினால் தூண் மக்கிவிடும், ஏறினால் வீடு முழுகிவிடும். அதனால் இங்கே யாராவது ஒருவர் எந்நேரமும் தண்ணீரைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். இந்தக் காவல்காரப் பேச்சைக் கேட்பதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று காதிலிருந்த கருவியைக் கழற்றினேன். கழற்றிவிட்டு நின்றாலும் நிலைகொள்ளவில்லை. கூட்டம் நிற்கும்போது நான் நடந்தேன். கூட்டம் நடக்கும்போது போனைப் பார்த்தபடி நின்றேன். சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. எல்லோரும் குளிர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு வெயிலைப் படம் எடுத்தார்கள். அப்போதுதான் தம்பியின் செய்தி வந்தது.

'அக்கா பெருசு போயிருச்சு. நாங்க எல்லாரும் ஏரிக்கரைலதான் இருக்கோம். பதறாத.'

திரும்ப ஒருமுறை படித்தேன். பிறகு பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

சாவுச் செய்தியை எங்கள் பக்கம் நேராகச் சொல்ல மாட்டார்கள். 'ரொம்ப முடியல, கெளம்பி வா' என்பார்கள். இவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டான் போல. எல்லாரும் ஏரிக்கரையில் இருக்கிறோம் என்கிறான், பதறாதே என்கிறான், வேறென்ன இருக்கிறது? தம்பியைக் கூப்பிட்டேன், பிஸி. சித்தப்பாவைக் கூப்பிட்டேன், அவரும் பிஸி. ஊரே பேசிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஓடி வந்தார். போனை நீட்டினேன். படித்துவிட்டுத் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றினார். மாந்தோப்பு ஊர்க்காரர், அவருக்கு அந்த வாக்கியத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"அப்பாவுக்கு என்ன வயசு மேடம்?" என்றார். பிறகு தன் பதற்றத்தில் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். "மேனேஜர்கிட்ட நான் பேசறன். டிக்கெட் மாத்திரலாம். நீங்க போற வரைக்கும் வச்சிருக்கணுமில்ல, ஐஸ் பெட்டி சொல்லிரலாம், கிருஷ்ணகிரியில எனக்குத் தெரிஞ்சவரு இருக்கறாரு."

வழிகாட்டி குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அண்ணன் 'ஃபாதர்' என்று மட்டும் சொல்லியிருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு முதியவர் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஊர்க் குரலில் அழுதேன். ஒப்பாரி வைக்கத் தெரியாதவள் என்று அம்மா சாவில் என்னைப் பேசினார்கள். அன்று எனக்கு வந்தது. சொன்ன பேச்சுக் கேட்டியா, சரி பாப்பான்னு சொன்னியே, ஒரு மூட்டை ராகிக்கா உசுர வச்ச என்று அந்தக் கால்வாயைப் பார்த்துக் கத்தினேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஒரே மகள், கொள்ளி வைக்கக்கூட ஊரில் இல்லை. தண்ணீர் பார்க்க வந்துவிட்டேன்.

கையில் போன் அடித்தது. திரையில் 'பெருசு' என்று இருந்தது.

யாரோ அவர் போனை எடுத்து எனக்குச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். காதில் வைக்கக் கை வரவில்லை. அண்ணன்தான் பொத்தானை அமுக்கிச் சத்தமாக வைத்தார்.

"என்னா பாப்பா, இத்தன தடவ கூப்ட்டிருக்கற? அங்க ஒண்ணும் ஆவலியே?"

அப்பாவேதான். நான் போனை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன்.

"பரண்லதான் இருந்தன். திட்டாத. பாரஸ்ட்காரங்க வேட்டு போட்டு இப்பதான் காட்டுக்குள்ள ஏத்தி உட்டாங்க. ராகி போயிருச்சு, பாதிக்கு மேல மிதிச்சிருச்சு. தம்பிகிட்ட அப்பவே சொன்னனே, பெருசு போயிருச்சுன்னு அக்காளுக்கு ஒரு மெசேஜ் போட்ருடான்னு. போடலியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகு ஆனையை ஆனை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடும். பொழுது போய்விட்டால் அதற்குப் பெயர் பெருசு; ஆனை வராத ஊர்க்காரரான அண்ணனுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் அப்பாவை அப்படிச் சொல்ல மாட்டார்கள். பகலில் மட்டும்தான் பெருசு என்றால் அவர். இது யாரும் போட்ட சட்டமில்லை, வாய் தானாக மாற்றிக்கொள்ளும். என் தலைக்கு மேல் நல்ல வெயில். நான் அதைப் பகல் கணக்கில் படித்துவிட்டேன். ஏரிக்கரையில் நின்ற தம்பிக்கு இருட்டிப் போயிருந்தது.

அண்ணன் ஆங்கிலத்தில் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவும் பெரியவர், யானையும் பெரியது, போனது யானை, இருப்பது அப்பா என்றார். வழிகாட்டி மெதுவாக, "யானையா?" என்று கேட்டாள். அந்த மிட்டாய்க்காரப் பெரியவர் கைதட்டினார். தொடர்ந்து நாலைந்து பேர் தட்டினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "நீ செத்துட்டன்னு நெனச்சி நடுத்தெருவுல உக்காந்து அழுதுட்டு இருக்கறன்ப்பா! ஐஸ் பெட்டி வரைக்கும் பேசியாச்சு!"

உயிரோடு இருப்பவரிடம் அப்படிப் பேசலாமா என்று அவர் அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை. அந்தப் பக்கம் தவளைச் சத்தமும் தூரத்தில் ஒரு ஜீப்பு உறுமுவதும் கேட்டன.

"ரொம்ப அழுதியா?"

"பின்ன?"

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குல்லாவைக் கையில் பிடித்தபடி நின்றார். வழிகாட்டியின் பாவாடை முழுக்க ஈரம். என் இன்னொரு கையை அவள் இன்னும் விடவில்லை. முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர், பார்க்க வேண்டிய ஊரை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இருந்தாங்கப்பா. இருக்கறாங்க."

"அப்ப சரி" என்றார் அப்பா. அவர் குரலில் ஏதோ ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதி. "நெசமா போற அன்னிக்கும் இப்பிடித்தான் யாராச்சும் இருப்பாங்க. பயப்படாத பாப்பா."