நாட்காட்டித் தாள் இருந்த பக்கம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கிளை நூலகத்தின் நூலகர், நாவல் கேட்டு வருகிறவர்களை அலமாரிக்கு அனுப்புவதில்லை. திரும்பி வந்த புத்தகங்களை மேசையின் இடப்பக்கம் அடுக்கி வைத்திருப்பார். "இதெல்லாம் ஒருத்தர் படிச்சுட்டுக் கொண்டாந்ததுங்க. அலமாரியில இருக்கிறது எப்படின்னு யாரு கண்டா?" என்பார். வாசகர்களும் அந்த அடுக்கைத்தான் நம்பினார்கள்.

நான் வரலாறு படிக்கிறவன். மழை பெய்த நாள், காவிரியில் தண்ணீர் வந்த நாள், தேர் ஓடிய நாள் என்று ஊர் விஷயங்களைத் தேதியோடு குறித்து வைப்பது ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம். மனைவி இறந்தபின் மாலை நேரங்கள் நீண்டுவிட்டன. கல்வெட்டுத் தொகுதிகளை வைத்துக்கொண்டு எத்தனை மாலைகளை ஓட்டுவது? போன ஆடிப்பெருக்குக்கு மறுநாள், முதல்முறையாக நாவல் கேட்டேன்.

நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேகமாப் போற கதையா, மெதுவாப் போறதா சார்?"

"மெதுவா."

அடுக்கிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை உருவினார். "அப்ப இது. இதே மாதிரி கேக்கிறவர் ஒருத்தர் இருக்கார். அவர் கொண்டாந்து குடுக்கிறதை எல்லாம் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்."

ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்றின் கதை. நன்றாக இருந்தது. முதல் அத்தியாயத்தின் நடுவில் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்று செருகியிருந்தது. அடுத்து வந்த நாவலிலும் தொடக்கத்திலேயே ஒரு தாள். தேதியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. கடைசிப் பக்கத்தில் குத்தியிருந்த முத்திரையோடு ஒப்பிட்டேன். புத்தகம் எடுத்த அதே நாளின் தாள்தான்.

எடுத்த அன்றே ஆசையாக உட்கார்ந்துவிடுகிறார், படித்து முடித்ததும் தனக்குப் பிடித்த பக்கத்துக்குத் திரும்பிவந்து தாளை அங்கே விட்டுவைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்தப் பக்கங்களை நானும் திரும்பப் படித்தேன். ஒன்றில் மாடு குளிப்பாட்டுகிறார்கள். இன்னொன்றில் கதவுக்கு வர்ணம் பூசுகிறார்கள். இவற்றில் அவர் என்ன கண்டார் என்று யோசித்தபடியே பல நாள் இரவுச் சாப்பாடு முடிந்தது.

ஒரு நாவலை முடித்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய மகனிடம் ஆரம்பித்தேன். "கதையாப்பா? அப்புறம் கேக்கிறேனே. சாப்பிட்டீங்கல்ல?" என்றான். அந்த வாசகரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நூலகரிடம் கேட்டேன். அவர் ஏனோ சிரித்தார். "கேட்டுச் சொல்றேன் சார்."

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மதியம், செய்தித்தாள் படிக்கும் பெஞ்சில் அவர் காத்திருந்தார். தலையில் மஃப்ளர். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே மகள் வீட்டில் இருக்கிறார்.

"நீங்கதான் எனக்கு அப்புறம் எடுக்கிறவரா? வாங்க, உக்காருங்க."

மாடு குளிப்பாட்டும் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். என்ன மாடு என்று விழித்தார். தாளை நினைவூட்டினேன்.

"அதுவா? அந்த இடத்துலதாங்க தூங்கிட்டேன்! காலம்பூரா நைட் ஷிஃப்ட். இப்ப ராத்திரியானா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். மாத்திரை வேணாம், ஆளைச் சாய்க்கிற மாதிரி கதை குடுங்கன்னு நம்ம லைப்ரரி மேடம்கிட்ட கேட்டேன். மறுநா எடுத்தாலும் அந்தத் தாளைத் தாண்டறதில்லை, கொஞ்ச நேரமாவது கண்ணு அசருது."

மேசையிலிருந்தே நூலகர் சொன்னார்: "மெதுவான கதைன்னுதானே சார் நீங்களும் கேட்டீங்க?"

என்னோடு கூடவே ஒருவர் படித்து வருகிறார் என்று நினைத்திருந்தேன். அத்தனை நாவல்களிலும் முதல் அத்தியாயத்துக்குப் பிறகு நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கோவிச்சுக்காதீங்க. நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்கல்ல? அந்த ஆத்தங்கரைக் குடும்பம் அப்புறம் என்னாச்சு? சொல்லுங்க, கேப்போம்."

இப்படி என்னிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆரம்பித்தேன். மாடு விற்றது, அண்ணன் தம்பி பேசாமல் போனது. அவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். மூத்த மகள் பரிசலில் ஏறிய இடத்தில் 'ம்' வரவில்லை. மோவாய் மார்பில் படிந்திருந்தது. மெல்லிய குறட்டை.

நூலகர் பதறிக்கொண்டு வந்தார். தோளைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டார். "பாவம் சார், தூங்கட்டும்."

எழுந்து போயிருக்கலாம். போய்ச் சேர்வதற்கு எனக்கும் ஒரு வீடு இருந்தது. ஆனால் மகள் இன்னும் அக்கரை சேரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடைசி அத்தியாயம் வரைக்கும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.