பெயர் மாறியதும் வந்த காமாலை

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நடந்தது இது. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது என் பெயர் குப்பம்மாள்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னைக் குப்பைமேட்டில் போட, பக்கத்து வீட்டு அத்தை ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை 'வாங்கி', மறுபடி அம்மாவிடமே வளர்க்கக் கொடுத்தாராம். வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எமனை ஏமாற்றிவிட்டார்கள், சரி. கூடப் படித்தவர்களை ஏமாற்ற முடியவில்லையே! வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே, கசக்கிய காகிதம் ஒன்று என் மேல் வந்து விழும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாமலே, கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, பெயர் மாற்ற விண்ணப்பித்தேன். 'கவிதா' என்று கெஜட்டில் வந்துவிட்டது. சந்தோஷமாக அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதைத் தொடவே இல்லை.

"இன்னாடி இப்பிடிப் பண்ணிட்ட? உன்ன ஒளிச்சி வச்சிக்கினு இருந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எமன் கெஜட்டெல்லாம் படிக்க மாட்டாம்மா" என்று கிண்டல் செய்தேன். அடுத்த வாரமே கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டேன்.

தண்ணீரால் வந்த காமாலை, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நானும் அதைத்தான் நம்பினேன். ஆனாலும் அம்மா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் பயம் வந்துவிட்டது. படித்தவளுக்கு இந்தப் பயம் வரலாமா என்று என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு நாள் காலையில் அம்மா எழுப்பினார். "புதுப் பேருக்கும் ஒருவாட்டி செஞ்சிடலாம், வாடி."

பக்கத்து வீட்டு அத்தை முறத்தில் தவிட்டோடு தயாராக நின்றிருந்தார். கல்யாண வயதில், நைட்டியோடு, குப்பைமேட்டில் போய் உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "எம்மாம் பெரிய புள்ளடி! எப்பிடித் தூக்கறதாம்?" என்று சிரித்துக்கொண்டே அத்தை கை கொடுத்து எழுப்பினார். அம்மா சிரிக்கவில்லை. தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு தேம்பினார். சிரிப்பதா, அழுவதா, எழுந்து ஓடுவதா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உடம்பு தேறியது. ஓய்வாலா, தவிட்டாலா? ஓய்வால்தான் என்று வெளியில் சொல்வேன். வேலையும் கிடைத்தது. பள்ளியில் கவிதா டீச்சர் ஆனேன். அம்மா மட்டும் கடைசிவரை பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "புதுப் பேருக்கும்தான் தவிடு குடுத்தாச்சேம்மா" என்று சொன்னாலும் கேட்கவில்லை.

என் மகளுக்கு நானே தேடித் தேடி அழகான பெயர் வைத்திருக்கிறேன். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை கொடுத்துவிட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் காதருகே குனிந்து 'குப்பம்மா' என்று கூப்பிடுகிறேன். நம்பித்தான் கூப்பிடுகிறேனா என்று கேட்டால், எனக்கே இன்னும் தெரியவில்லை.