சாமி அண்ணன் சொன்ன கடை

சாமி அண்ணன் காலமான செய்தி சாப்பாட்டுக் கடைகளுக்கான நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் வந்தது. அவர் மகள் எழுதியிருந்தாள். அதற்கு மேலே, முதல் நாள் அவரே போட்ட பரிந்துரை இருந்தது: பொந்தியான் சாலையில் ஒரு மீன் கடை, காருக்கு நிழல் உண்டு, கழிப்பறை சுத்தம். செய்திக்குக் கீழே, அதைப் படிக்காத ஒருவர், "ஞாயித்துக்கிழமை கடை இருக்கா அண்ணே?" என்று கேட்டிருந்தார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அந்தோணிசாமி என்ற முழுப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் வேலை, செம்பனை எண்ணெய் ஆலைகளில் லோரிகளை நிறுக்கும் எடைமேடைகளைப் பழுதுபார்ப்பது. பதினெட்டு வருடம் ஒரே வேனில் ஜொகூர் மாநிலம் முழுக்கச் சுற்றினோம். எந்த ஆலைக்கு எப்போது போவது என்பதைத் தானே முடிவு செய்வதாக எங்கள் முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். ரெங்கம் ஊர் ஆலை வேலை எப்போதும் காலையிலேயே விழுந்ததற்கும், அங்கே பத்து மணிக்குள் தீர்ந்துவிடும் இடியாப்பத்துக்கும் உள்ள உறவு இன்றுவரை முதலாளிக்குத் தெரியாது.

புதுக் கடைக்குள் நுழையும் முன் வேனிலேயே ஆளுக்கு இரண்டு பிஸ்கட் தின்றாக வேண்டும். "பசியில இருக்கறவன் சாட்சி செல்லாது லா" என்பார். சாப்பிட்டபின் இருபது நிமிடம் கண்ணயர ஒரு மரத்தையும் சேர்த்தே சிபாரிசு செய்வார். பொந்தியான் கடலோரத்தில் ஒரு மரத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, மறுவாரம் எறும்பு கடித்ததும் குழுவில் புகழ்ச்சியைத் திரும்பப் பெற்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, உப்பு, புளி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்திவிட்டார். அதன்பிறகு கடைகளில் சாப்பிட்டவன் நான். அவர் எதிரே உட்கார்ந்து, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி கட்டிக்கொடுத்த வெந்த காய்கறியைத் தின்றபடி என் முகத்தையே பார்ப்பார். நான் சொல்வதை வைத்துத்தான் குழுவில் எழுதினார்.

சாஆ என்ற ஊரில் மீன்தலைக் கறிக்குப் பேர்போன ஒரு கடை. அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே போன இடம். நாங்கள் போன அன்று சமையற்காரர் மாறியிருந்தார். கறி ஒரே புளிப்பு, மீனிலும் கவிச்சி. அண்ணன் ஆசையாக, "எப்படி?" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அதே ருசிதான் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நம் குழு நண்பர் ஒருவர், மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரை ஒன்றரை மணி நேரம் காரோட்டி அங்கே அழைத்துப்போனார். மாப்பிள்ளையின் தாயார் மூன்றாவது வாயில் தட்டைத் தள்ளி வைத்தாராம். கல்யாணம் எப்படியோ நடந்தது. ஆனால் குழுவில், "அண்ணனுக்கு வயசாயிருச்சு" என்று ஒருவர் எழுதிவிட்டார்.

மறுநாள் வேனில் உண்மையை ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சாஆ கடையைப் பற்றித் தான் எழுதியது தவறு என்று குழுவில் போட்டார். என் பெயரை எழுதவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு வாய்தான் போச்சு, பேரு இருக்குன்னு நெனச்சிருந்தேன் மணி," என்றார்.  வேனில் ஏறியதும் அவரே, "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு. பழுதானது கிட்னிதான், நெஞ்சு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று அவர் வீட்டில் சாப்பாடு. அவர் சிபாரிசு செய்த கடையிலிருந்துதான் வரவழைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னிடம் வந்து, "எப்படி இருக்கு தம்பி?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பாரில் உப்பு அதிகம், கத்தரிக்காய் வேகவில்லை என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் என் தொடையைக் கிள்ளினார். அக்காவோ, "காலையிலேர்ந்து எல்லாரும் என் மனசுக்காகவே பேசிட்டிருக்காங்க, நீதான் உள்ளதச் சொல்ற," என்று சொல்லி, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிட்ட முதல் வாய் அதுதான்.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது இந்தப் பொல்லாத வாய். பத்திரமாக வைத்திருக்கிறேன்.