தண்ணீர் குடித்துக் காட்டிய நாட்கள்

எனக்கு எழுபத்தி ரெண்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலும் ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டன. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல, லீவுக்கு வந்த பேத்தி எழுதுகிறாள்.

வூட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய்க்குட்டி. போன வாரம் அதை மொரப்பூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

"வெறிநாய் ஊசி கட்டாயம் போடணுங்க ஆயா. குட்டிங்களுக்கு வர்ற ரத்தபேதிக்கு ஒண்ணு இருக்குது, அதையும் போட்டுடலாம். இருமல் ஊசி, நாய்ங்கள மொத்தமா அடைச்சு வளக்கறவங்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா.

போனில் பெரியவன், "தெருவுல கெடந்த குட்டிக்கு எதுக்கும்மா ஊசி?" என்றான்.

"உன்ன யாருடா கேட்டா?" என்று போனை வைத்துவிட்டு ரெண்டையும் போடச் சொன்னேன். வெறிநாய் ஊசியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். எங்கள் செவலை நாய் ஒருநாள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. வாயில் எச்சில் ஒழுகியது. பசி என்று நினைத்துக் கஞ்சி கொண்டு போனேன். மணிக்கட்டைக் கவ்விவிட்டது. சாயந்திரமே அதை அடித்துப் புதைத்துவிட்டார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் அம்மா.

"பல்லு பட்டதுக்கெல்லாம் தருமபுரிக்கு ஓடுவாங்களா? தொப்புளச் சுத்தி ஊசி போடுவான், புள்ள தாங்காது" என்றார் அப்பா. பக்கத்து ஊர் வைத்தியரிடம் வேர்ச்சாறு வாங்கி ஊற்றினார்கள். ஒரு மாதம் உப்பில்லாப் பத்தியம். தெருப்பிள்ளைகளை அவர்கள் வூட்டில் என்னோடு விளையாட விடவில்லை. வேப்பமரத்தடியில் தனியாகக் கல்லாங்காய் ஆடினேன்.

ஆனால் அந்த மாதம்தான் எனக்குத் திருவிழா. எப்போதும் தம்பியைச் சுமந்துகொண்டே திரிகிற அம்மா, தினம் விடிந்ததும் அவனை இறக்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு என் எதிரில் உட்காருவாள். "குடி கண்ணு" என்பாள். நான் குடிப்பதையே கண் கொட்டாமல் பார்ப்பாள். அவள் எழுந்து போய்விடக் கூடாதென்று சொட்டுச் சொட்டாகக் குடிப்பேன்.

ஒருநாள் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று சொம்பைத் தள்ளி, "வேண்டாம் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பா ஏரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நான் பயந்துபோய் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்து முடித்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வெறி ஏறினால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும், தொண்டையில் இறங்காது, அப்புறம் பிழைக்க வழியில்லை என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்? செவலைக்கு வந்தது வெறியா வேறு நோவா, இன்றுவரை தெரியாது. வேர்தான் காப்பாற்றியது என்று அப்பா சாகும்வரை சொன்னார். நான் நம்பவில்லை.

பத்தியம் முடிந்தது. களியில் உப்பு வந்தது. மறுநாள் விடிகாலையில் வாய் கொப்பளித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் காட்டு வேலைக்குப் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்மேல் இருந்த பிரியம் தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

போதும் சாமி. எழுதினதை ஒருக்கா படி, கேக்கறேன்.