ஷாங்காய் பூங்காவில் குடை காயவைத்த கதை

போன மாதம் சீனாவில் என் மகளுக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்தது. தொடக்கி வைத்தது நான் இல்லை. என் குடை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் ஆரணி சீனாவில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரமான பீலில் பிறந்தவள். லண்டனில் சித்தி வீட்டில் நின்று யுனிவர்சிட்டி முடித்தவள். சுவிஸில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்வாள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் 'நான் சீனாவுக்குப் போறன்' என்றாள். சம்பலை இங்காலை தள்ளுங்கோ என்று சொல்வாளே, அதே குரலில்.

போய்விட்டாள். ஷாங்காய்க்குப் பக்கத்தில் சூசோ என்றொரு நகரம். ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. அதற்காகத்தான் என் மனைவி காத்திருந்தாள். சுவிஸிலேயே, ஷாஃப்ஹவுசன் நகரத்தில் ஒரு பெடியன். ரயில்வேயில் இன்ஜினியர். நல்ல குடும்பம். ஆரணி கோடைக்கு வந்ததும் இருவரையும் சந்திக்க வைக்கலாம் என்று தாய்மார் இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பிள்ளைகளிடம்தான் யாரும் பேசவில்லை.

போனில் கலியாணம் என்று பேச்சை எடுத்தாலே ஆரணி போனை வைத்துவிடுவாள். சும்மா சொல்லவில்லை... இரண்டு மூன்று தரம் வைத்தும் காட்டிவிட்டாள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இப்போது லீவு எடுத்தால் கோடைக்கு இல்லை. ஆகவே என்னை அனுப்ப முடிவாயிற்று.

"நேரிலை போய்க் கேளுங்கோ. முகத்துக்கு நேரை நிண்டால் அவள் போனை வைக்கேலாதுதானே?"

"என்னெண்டு கேக்கிறது?"

"வாயாலைதான். கோடைக்கு வாறியோ? இந்தப் பெடியனைப் பாக்க விருப்பமோ? ரெண்டே ரெண்டு கேள்வி. கேக்காமல் மட்டும் திரும்பி வராதேங்கோ."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் கூச்சம் புதிதல்ல. கடிகாரத் தொழிற்சாலையில் காலையிலிருந்து மாலை வரை கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்திருக்கும் வேலை எனக்கு. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். பீலில் ஜெர்மனும் நடக்கும், பிரெஞ்சும் நடக்கும். இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்க எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஆளைத் தூது அனுப்பினால் என்ன ஆகும்?

சூசோவில் ஆரணி என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். ஒரு வாய்க்கால் பார்த்தோம். இன்னொரு வாய்க்கால் பார்த்தோம். தோட்டங்கள், பாலங்கள், கோபுரம். வகுப்பு முடிந்ததும் மின்சார ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டு போவாள். தெருக்கடையில் நூடில்ஸ் வாங்கித் தருவாள். காசு என்று ஒன்றை நான் அங்கே கண்ணாலேயே காணவில்லை. எல்லாவற்றுக்கும் போனை நீட்டுகிறார்கள். பூசணிக்காய் விற்கும் மனிசிகூட.

ஸ்கூட்டரில் பின்னால் இருந்தபடி, "பிள்ளை..." என்பேன்.

"என்னப்பா?"

"இல்லை... நாளைக்கும் மழை வருமோ?"

இதே கதைதான். நூடில்ஸ் கடையில் "பிள்ளை...", பாலத்தில் "பிள்ளை...". வாய் திறக்கும். மழைதான் வெளியே வரும்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். டீச்சரின் அப்பா என்றதும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். உங்களுக்கு எத்தனை வயது? உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? மீன் பிடிக்குமா, கோழி பிடிக்குமா? ஆங்கிலத்தில், ராகத்தோடு. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் நன்றாக ஒத்துப்போனது.

பிறகு ஆரணி சொன்னாள்: "உங்களிட்டைக் கேட்டதெல்லாம் பாடமாக்கின கேள்வியள். இதுகளைத் தானாக் கேள்வி கேக்க வைக்கிறதுதான் அப்பா பெரிய பாடு. பதில் எண்டால் டக்கெண்டு வரும். கேள்வி எண்டால் வெக்கம்."

நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

சேர்ந்த புதிதில் பெற்றோர் சிலர் முகத்தைச் சுழித்தார்களாம். ஆங்கில டீச்சர் என்றால் மஞ்சள் தலைமயிரோடு வருவார் என்று நினைத்தவர்கள். சுவிஸ் என்கிறாள், சுவிஸ் மாதிரி இல்லையே? ஆரணி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

நான் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு. ஷாங்காய் பார்க்கப் போனோம். அதிவேக ரயில்... ஏறி இருந்து பெல்ட்டைத் தேடுவதற்குள் இறங்கச் சொல்கிறார்கள். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய பூங்கா. காலையில் பெய்த தூறல் அப்போதுதான் விட்டிருந்தது.

"இதிலை இருங்கோ அப்பா. தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று ஒரு வாங்கைக் காட்டிவிட்டுப் போனாள்.

கையில் நனைந்த குடை. நனைந்த குடையை மடித்து வைத்தால் மணக்கும், கம்பி கறள் பிடிக்கும். பாதையைப் பார்த்தேன். ஓரமாக வரிசையாக, நிலத்தில், விரித்த குடைகள்! சிவப்பு, நீலம், பூப்போட்டது... பக்கத்தில் வயதானவர்கள் சின்ன ஸ்டூல்களில் அமைதியாக இருந்தார்கள். என்ன நல்ல பழக்கம் என்று நினைத்தேன். குடைகளின் மேல் ஏதோ அச்சடித்த தாள்கள். பாங்குகள் இலவசமாகக் கொடுக்கும் விளம்பரக் குடையாக்கும்.

வரிசையில் ஓர் இடைவெளி இருந்தது. என் குடையையும் விரித்து வைத்தேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கட்டைத் தலைமயிரும் கையில் சுடுதண்ணீர் போத்தலுமாக ஒரு மனிசி வந்தார். என் குடையைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அந்தப் பக்கமும் பார்த்தார். எதையோ தேடிக் கிடைக்காத முகம். பிறகு என்னிடம் சீனத்தில் ஏதோ கேட்டார்.

என் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றை ஆரணி போட்டுத் தந்திருந்தாள். எடுத்து நீட்டினேன். அவர் அதற்குள் பேசினார். போன் தமிழில், வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் கேட்டது:

"உங்களுக்கு மகனா, மகளா?"

குடைக்கும் மகளுக்கும் என்ன தொடர்பு? ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். மகள் என்றேன்.

"வயது என்ன?"

சொன்னேன்.

"தொழில்?"

ஆங்கில ஆசிரியை என்றேன். 'ஓ' என்று ஒரு குரல்... ஒன்றல்ல, பல. நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

"உயரம்?"

இது எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளின் உயரம்! கையை என் காது மட்டத்தில் வைத்துக் காட்டினேன். கூட்டம் என் காதைப் பார்த்து, என் காலைப் பார்த்து, மனதுக்குள் அளந்து, தலையாட்டியது.

அப்போதுதான் விளங்கியது. பக்கத்துக் குடையின் தாளில் பிறந்த ஆண்டு மாதிரி ஓர் இலக்கம், உயரம் மாதிரி இன்னோர் இலக்கம். இவர்கள் எல்லாரும் தாய்தகப்பன்மார். வாரவிடுமுறையில் இங்கே வந்து, பிள்ளைகளின் விபரத்தைக் குடையில் குத்திவைத்துச் சம்பந்தம் பார்க்கிறார்கள். நடுவில் விபரமே இல்லாத ஒரு குடையோடு நான்.

எழும்பிப் போயிருக்கலாம்தானே? போகவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து தொண்டையில் நின்ற விஷயத்தை முதல் தடவையாக யாரோ என்னிடம் கேட்டார்கள். அதனால் இருக்கலாம். குணம் எப்படி? நல்ல குணம். சமைப்பாளா? சுமார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரணி இரண்டு கப்போடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா! என்ன செய்யிறியள்?"

"குடை காயவைக்கிறன்."

அவளுக்கு முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கட்டைத் தலைமயிர் மனிசி அவளைப் பிடித்துக்கொண்டார். சீனத்தில் கேள்வி மேல் கேள்வி. ஆரணி கப்புகளை வாங்கில் வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். நீளமாக, கையை ஆட்டி ஆட்டி. முதலில் சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"சும்மா கதைச்சனான்."

ஆனால் அந்த மனிசி விடவில்லை. என் கையிலிருந்த போனுக்குள் குனிந்து பேசினார். செய்தி வாசிப்பவர் தெளிவாக வாசித்தார்:

"உங்கள் மகள் கூறுகிறார். தந்தை வந்த நாள் முதல் ஏதோ கேட்க முயல்கிறார். ஆனால் வானிலை பற்றி மட்டுமே பேசுகிறார். தயவுசெய்து இப்போது கேளுங்கள்."

கூட்டம் காத்திருந்தது. ஒரு கிழவர் தன் ஸ்டூலைக்கூட எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாசகர்களே, ஒன்று யோசித்துப் பாருங்கள். பீலில் பஸ்ஸில் இருந்து மகளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால், நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே தூரத்து வின்டர்தூரில் இருக்கும் எங்கள் சனத்துக்கும் பதில் தெரிந்திருக்கும். இங்கே என் மூக்குக்கு முன்னால் ஒரு ஊரே நிற்கிறது. ஒருவருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. என் வாழ்நாளில் இவ்வளவு தனிமையான இடத்தில் நான் மகளோடு கதைத்ததில்லை.

போனை நிப்பாட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"பிள்ளை..."

"சொல்லுங்கோ. மழை வருமோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

"ஷாஃப்ஹவுசன்லை ஒரு பெடியன்..."

"தெரியும். அம்மா போட்டோ அனுப்பினவ. ஒரு சொல்லும் எழுதேல்லை. போட்டோ மட்டும். பிறகு 'சாப்பிட்டியோ' எண்டு ஒரு மெசேஜ்."

"கோடைக்கு வந்து... பாக்க விருப்பமோ?"

ஆரணி ஒரு கப்பை எடுத்து என் கையில் தந்தாள்.

"நான் கோடைக்கு வரேல்லை அப்பா. இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் பண்ணிப்போட்டன். நீங்கள் வாறதுக்கு முதலே."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான். வாய்க்கால் வாய்க்காலா."

நான் கேட்க முடியாமல் பார்த்த வாய்க்கால்கள் எல்லாம், அவள் சொல்ல முடியாமல் காட்டிய வாய்க்கால்கள். யாருடைய மகள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

"இஞ்சை அப்பிடி என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை. இஞ்சையும் எந்த நாடு எண்டு கேக்கினம். ஒவ்வொரு நாளும் கேக்கினம். ஆனா இஞ்சை நான் உண்மையாவே வெளிநாட்டுக்காரிதானே? கோவம் வரேல்லை. பீலிலை, பிறந்து வளந்த இடத்திலை, அதையே கேக்கேக்கைதான்..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி ஒருபோதும் வலித்ததில்லை. நான் வந்தவன். அவள் வந்தவள் இல்லை. இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப கலியாணம்?"

"செய்யமாட்டன் எண்டு சொல்லேல்லையே. அந்தப் பெடியனை எனக்குத் தெரியாது. கதைக்க விருப்பமெண்டால் அவர் என்னோடை கதைக்கட்டும். நாள் மட்டும் வைக்காதேங்கோ."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டைத் தலைமயிர் மனிசி ஆரணியின் கையைச் சுரண்டி, என்ன முடிவு என்று கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டிச் சொன்னாள். இரண்டு வருடம். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் உச்சுக்கொட்டியது. எங்கள் கோயில் மண்டபத்தில் கேட்கும் அதே சத்தம். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் குடைக்குத் திரும்பினார்கள்.

அந்த மனிசியின் மகன் கனடாவில் இருக்கிறானாம். அம்மா இங்கே குடை விரித்திருப்பது அவனுக்குத் தெரியாதாம். ஆரணி மொழிபெயர்த்துச் சொன்னபோது நான் அவருக்குக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

பின்னேரம் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"கேட்டியளோ?"

"கேட்டன்."

"உண்மையாவோ?" அவளுக்குப் பதிலைவிட இதுதான் ஆச்சரியம். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"கோடைக்கு லீவெல்லாம் எழுதிக் குடுத்திட்டனே..." என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப அந்த லீவிலை நான் அங்கை போறன்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "ஷாஃப்ஹவுசனுக்கு நீங்களே சொல்லுங்கோ. இப்ப உங்களுக்குத்தான் வாய் வந்திட்டுதே."

திரும்பி வந்து ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். போன ஞாயிறுதான் ஷாஃப்ஹவுசனுக்குப் போன் பண்ணினேன். பெடியனின் தகப்பன்தான் எடுத்தார். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கோடைக்கு இல்லை, இரண்டு வருடம், பிள்ளைகள் விரும்பினால் தாங்களே கதைக்கட்டும் — பாடமாக்கி வைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"பெரிய உபகாரம் தம்பி" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உண்மையைச் சொன்னால்... நானும் இன்னும் மகனிட்டை ஒண்டும் கேக்கேல்லை."

தகப்பனும் மகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.