கடைசிப் பக்கத்தில் என் எழுத்து

நான் வேலை பார்க்கிற லைப்ரரியில், புத்தகத்தின் கடைசி வெள்ளைத் தாளில் எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. படித்து முடித்தவர்கள் பென்சிலில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். ‘சுமார்.’ ‘அழுதுவிட்டேன்.’ ‘பாதிக்கு மேல் ஓடவில்லை.’ துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று எழுதிவைக்கிற ஒரு ஆளும் இருந்தார். எல்லோரும் அவரைத் திட்டுவார்கள், ஆனால் அது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி ஆரம்பத்தில் ரப்பர் போட்டு அழித்துப் பார்த்தார். வருகிறவர்கள் அட்டையைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் நானும் ஒரே ஒரு முறை எழுதினேன். அதனால் ஒரு கதை பாதியில் நின்றுபோனது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். தோளில் இரண்டு பை. முத்தியால்பேட்டையில் ஆரம்பித்துக் குருசுக்குப்பம் வரை வீடு வீடாகப் போவேன். படித்ததை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுப்பேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தை முதுகில் ஒட்டிய நம்பரையும் அட்டைப் படத்தையும் வைத்து அடையாளம் பிடிப்பேன். எனக்குப் படிக்கவே தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எழுத்துக்கூட்டுவதைப் பார்த்து ஒருத்தர் ‘பாவம்’ என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது. இருபது வருஷத்தில் என் பையிலிருந்து ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. பொய் சொல்லி யார் முன்னாலும் நான் நின்றதில்லை. அந்தக் கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

முத்தியால்பேட்டையில் ஒருத்தி இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். தட்டாஞ்சாவடியில் மாத்திரை அட்டை போடுகிற கம்பெனியில் வேலை. அவளுக்கு லீவு நாளில்தான் அந்தத் தெருவுக்குப் போவேன். அவள் ஒரே புத்தகத்தை நாலாவது முறையாகக் கேட்டாள். அட்டையில் கத்தரிக்காய் மாதிரி ஒரு கப்பல், சுற்றிலும் நட்சத்திரம்.

“இன்னாம்மா, இதையே எடுக்கற? பரீட்சை எழுதப் போறியா?” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தாள். “நான் கதைய படிக்கறதில்லக்கா. இங்க எழுதியிருக்கறத படிக்கறேன்.” பிறகு உள்ளே மகள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “இந்தக் கதைய எழுதனது நான்தான்.”

“எல்லாரும் எழுதனவன் எழுதனவன்னு பேசறாங்களே?”

“ஆம்பள பேர்லதான் போட்டிருக்கேன், அப்படியே பேசட்டும். பொம்பள எழுதனதுன்னு தெரிஞ்சா கப்பல் பறக்காது.”

அவளுடைய ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்காமல் இருக்க முடியவில்லை. மத்தியானம் முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில், பின்னறையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் போன நாளும் உண்டு. முடிக்க நாலு மாசம் ஆனது. வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அது.

பூமி காய்ந்து போகிறது. ஒருத்தி முந்நூறு பேரை ஒரு கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆகாயத்தில் வேறு ஊர் தேடிப் போகிறாள். கப்பலுக்கு அவள்தான் எல்லாம். வழியில் மறித்தவர்களோடு சண்டை போடுகிறாள், தன் பங்குத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள். அவளுக்குக் கதையில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அவள் கப்பல்காரி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதுகூட அவள் ஞாபகம் வரும். ஒரு பெண்பிள்ளை அப்படி நிமிர்ந்து நிற்பதை அதற்கு முன்னால் நான் எங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அட்டையில் அவள் முகம், பாதி இருட்டில். முதல் பாகம் படித்த எல்லோரும் பேர் சொல்லிவைத்து வாங்கினார்கள். அப்புறம்தான் சண்டை ஆரம்பித்தது.

ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் புத்தகத்தை என் கையில் தராமல் பையிலேயே போட்டார். “இன்னாத்துக்கு இப்படி எழுதறான் அவன்? மொத பாகத்துல அவள கோயில்ல வெச்ச மாதிரி வெச்சான். இதுல கொண்டாந்து சாக்கடையில தள்ளிட்டான். பத்தாவது படிக்கற என் பேத்திக்குக் குடுக்கலாம்னு இருந்தேன், குடுக்க மாட்டேன்.”

குருசுக்குப்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்த சொல்தா ஒருவர். எண்பது தாண்டியவர். என்னை மதாம் என்று கூப்பிடுவார், நானும் விளையாட்டுக்கு முசியே என்பேன். அவர் கட்சி வேறு. “மதாம், பட்டாளத்துல இருந்தவனுக்குத்தான் இது புரியும். அந்தப் பதினோரு பேர விட்டுட்டு கதவ மூடலைன்னா முந்நூறு பேரும் போயிருப்பான். அவ செஞ்சது சரி. அழுதுகிட்டு நிக்கறா பாரு, அதுதான் எனக்குப் புடிக்கல.”

“பெத்தவங்க பாத்தா மூட மனசு வருமா முசியே?”

“அதுக்குத்தான் பெத்தவங்கள கேப்டனா போடறதில்ல.”

இரண்டு கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண் அதை இரண்டு முறை படித்தாள். “மொதல்ல அவகிட்ட போவவே பயமா இருந்துச்சு ஆயா. இப்பதான் மனுஷி மாதிரி இருக்கா. நான் கூட புள்ளைய அடிச்சிட்டு, தானா விழுந்துட்டான்னு மாமியார்கிட்ட சொல்லியிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எழுதியவள் ஒவ்வொரு வாரமும் வாசலிலேயே காத்திருப்பாள். “இன்னா சொன்னாங்க?” நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். டீச்சரம்மா சொன்னதைக் கேட்டு, அவரைப் போலவே மூக்கைச் சுளித்துக் காட்டினாள். சொல்தா சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். மாத்திரைக் கம்பெனியில் நாள் முழுக்க ஒருத்தரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. “திட்டனாலும் பரவால்லக்கா. படிச்சிட்டுத்தான திட்டறாங்க. மூணாவது எழுதிக்கிட்டு இருக்கேன். அத முடிச்சிட்டன்னா போதும், இந்த ஜென்மத்துல எனக்குன்னு ஒன்னு செஞ்சுட்டேன்னு இருப்பேன்.”

அந்த மழைக்காலத்தில் நான் இரண்டாம் பாகத்தைப் படித்தேன். கப்பலின் பின்பக்கம் ஓட்டை விழுந்து காற்று போகிறது. அங்கே பதினொரு பேர் இருக்கிறார்கள். கப்பல்காரி நடுக்கதவை மூடிவிடுகிறாள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். நேரம் இல்லை, வேறு வழி இல்லை. ஆனால் மூடிவிட்டு வந்து, கதவு தானாக மூடிக்கொண்டது, விபத்து என்று சொல்கிறாள். எல்லோரும் அவளைத் தேற்றுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரோடு உட்கார்ந்து அவளும் அழுகிறாள். கடைசி வரை உண்மையைச் சொல்லாமல், ஒரு சின்னப் படகில் ஏறித் தனியாக ஆகாயத்தில் போய்விடுகிறாள். அங்கிருந்து யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிடுகிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நாலு மாசம் விரல் தேயப் படித்து என் வீட்டு மனுஷியாக வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன மாதிரி இருந்தது. ரிஜிஸ்டரில் நூல் போட்டுக் கட்டியிருந்த பென்சிலை இழுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ‘பொய் சொன்னவள். இவளைத் தேடி யாரும் போக வேண்டாம்.’ எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு, ஒன்று மேலே ஒன்று கீழே. மற்றவர்கள் எழுதியது எல்லாம் ஓரமாக இருக்க, என்னுடையது பாதித் தாளை அடைத்துக்கொண்டது. எழுதியவள் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பாள் என்பது அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. நான் கப்பல்காரிக்குத்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வாசலில் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில், போன வாரம் என்னிடம் கேட்டு வாங்கிய அந்தப் புத்தகம், பின்பக்கம் திறந்தபடி.

“இங்க வாங்கக்கா. இத பாருங்க. உங்களுக்குப் படிக்க வராதுல்ல, நான் படிக்கறேன்.” படித்தாள். என் வரியை அவள் வாயால் கேட்டேன். “இது யார் வீட்டுக்குப் போன புக்கு?”

“பத்து வீட்டுக்குப் போச்சு” என்றேன். “யார்னு தெரியலையே.”

“எழுத்த பாருங்க. எழுதவே வராதவங்க எழுதனது.”

“அப்ப இன்னாத்துக்கு அத பெருசா எடுத்துக்கற? தெரியாதவங்க ஏதோ கிறுக்கியிருக்காங்க.”

“அதில்லக்கா. டீச்சர் எழுதுவாங்க, திட்டுவாங்க. அவங்களுக்கு எழுதறது பெருசில்ல. இவங்க இந்த ரெண்டு வரிய எழுத எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாங்க. அப்படியும் எழுதணும்னு தோணியிருக்குன்னா, இதுதான் நெசம்.” புத்தகத்தை மூடினாள். “மூணாவது பாகமே அவள தேடிப் போறதுதான். ஆறு அத்தியாயம் முடிச்சுட்டேன். பின்பக்கத்துல செத்துப்போன பையனோட அம்மாதான் தேடிக்கிட்டுப் போறா. இத படிச்சதுக்கப்புறம், அவ போவ மாட்டான்னு தோணுது. எந்தத் தாய் போவா, சொல்லுங்க?”

அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் எழுதினேன், கோபத்தில் எழுதினேன், நீ எழுது, அந்தத் தாய் போகட்டும் என்று இரண்டு வார்த்தை. ஆனால் சொன்னால், எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் கோணல் எழுத்து என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதையும்விட, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தெரியலையே என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். “மனசுல வெச்சுக்காதம்மா” என்று அவள் தலையைத் தடவினேன். அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கப்பல்காரி அந்தத் தாய்மாரோடு உட்கார்ந்து அழுதது தெருவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் சொல்லிவிடுவோம் என்று போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். அவள் கோலப் புத்தகம் கேட்டாள், சமையல் குறிப்பு கேட்டாள். இன்னா சொன்னாங்க என்று கேட்பது நின்றுவிட்டது. நானாக ஒரு நாள் ஆரம்பித்தேன்.

“சொல்தா மூணாவது எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“வராதுன்னு சொல்லிடுங்கக்கா” என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மகளுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அம்மாவையும் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். அதன்மேல் ஒரு நோட்டும் வைத்தாள். நீல அட்டை போட்ட நோட்டு.

“இது அந்த ஆறு அத்தியாயம். கிழிக்க மனசு வரல. உங்களுக்குப் படிக்க வராது, அதனாலதான் உங்க கையில குடுக்கறேன். பழைய பேப்பர்ல போட்ருங்க.”

நான் வாங்கிக்கொண்டேன். “உடம்ப பாத்துக்க. அங்க குளிரு ஜாஸ்தியாம்” என்றேன். அதுதான் அவளிடம் நான் கடைசியாகப் பேசியது. அவள் விலாசம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

பழைய பேப்பரில் போடவில்லை. என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கிறது. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பார்த்தேன். அச்சில் இருந்தால் எழுத்துக்கூட்டிவிடுவேன். அவள் கையெழுத்து ஓடுகிற எழுத்து. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, வேகமாக, ஆசையாக எழுதியிருக்கிறாள். எங்கே ஒரு எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. நாலைந்து நாள் பார்த்தேன். ஒரு வரிகூடத் தேறவில்லை. இன்னொருத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவள் ரகசியம் போய்விடும். அந்தத் தாய் எவ்வளவு தூரம் போனாள் என்று எனக்குத் தெரியாது.

லைப்ரரியில் இப்போது வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என் முட்டியும் முன்போல் இல்லை. ஏழெட்டு வீட்டுக்குத்தான் போகிறேன். இரண்டாம் பாகம் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. என் வரிக்குக் கீழே புதிதாக நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், ‘உண்மை’ என்று எழுதியிருக்கிறார். ஒருவர், ‘பாவம், மன்னித்துவிடலாம்’ என்று. மற்ற இரண்டும், மூன்றாம் பாகம் எப்போது என்ற கேள்வி. ஒரு முறை ரப்பர் எடுத்து என் வரியைத் தேய்த்தேன். பென்சில் போனது. அழுத்தி எழுதியதால் பள்ளம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது.

போன வாரம் சொல்தா வீட்டுக்குப் போனேன். படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. கண்ணும் போய்விட்டது. மருமகள்தான் படித்துக் காட்டுகிறாள். என் செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

“மதாம், அந்தப் பொண்ணு இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காளா? மூணாவது வந்துச்சா?”

“இன்னும் வரல முசியே.”

“வருமா?”

“வரும். எழுதிக்கிட்டு இருக்காராம்.”

“சீக்கிரம் எழுதச் சொல்லு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் படித்து முடித்த புத்தகத்தை எடுத்துத் தந்தாள். நான் நம்பரைப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.